லண்டன் களிமண்ணில் ஒரு டவுட்

"மண்ணைப் பத்திப் படிக்கறதுக்கு லண்டனுக்குப் போறாளாமா? ஏன், நம்மூர்ல மண்ணு தீந்து போச்சா?"

அப்பா வேலை பார்க்கும் போர்வெல் லாரியின் முதலாளி இப்படிக் கேட்டபோது நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். நான் மனதுக்குள் நாலைந்து பதில்கள் தயார் செய்தேன். ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

எனக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் அந்த ரிக் வண்டியில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவராவது இருப்பார். அப்பா முப்பது வருஷமாக அந்த வண்டியில் துளை போடுகிறார். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்திலிருந்து அந்த வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். வீட்டுக்கு வந்தால் பாடம் கேட்க ஆள் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் வகுப்பிலேயே கேட்டு முடித்துவிட வேண்டும். "சார், ஒரு டவுட்" என்று ஒன்றாம் வகுப்பில் தூக்கிய கையைக் கல்லூரி முடியும் வரை நான் இறக்கவில்லை. கல்லூரியில் இரண்டு தேன்மொழிகள் இருந்தோம். அவள் வெறும் தேன்மொழி. நான் டவுட்டு தேன்மொழி.

இந்த டவுட் என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் என் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தது அதுதான்.

என் படிப்பு இதுதான்: ஓரிடத்தில் கட்டடம் வருமுன் அங்கே துளை போட்டு, மண்ணை எடுத்துப் பார்த்து, அது எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்வது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் மேல்படிப்பை முடித்தேன். தெற்கு லண்டனில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் விசாவும் போகும், நானும் ஊருக்குப் போவேன். முதலாளியின் கேள்விக்குப் பதிலும் இல்லாமல் போகும்.

அங்கேயே மிச்சம் என்ற பகுதியில் ஓர் அறை எடுத்தேன். வீட்டுக்காரர் ரெஜினா அக்கா, இலங்கையில் மன்னார்க்காரர். ஆஸ்பத்திரி கன்டீனில் ஷிப்ட் வேலை, ஞாயிறு காலையில் சர்ச். முதல் நாள் மாலையே என்னை மேசையில் உட்கார வைத்துச் சோறும் மீன்குழம்பும் போட்டார்.

"சோறு காணுமோ பிள்ளை?"

நான் தட்டைப் பார்த்தேன். சோறு அங்கேதான் இருந்தது. எங்கள் ஊரில் காணும் காணோம் என்றால் தொலைந்துவிட்டது என்று பொருள்.

"இங்கதான் இருக்குக்கா" என்று தட்டைக் காட்டினேன்.

அவர் இன்னொரு கரண்டி போட்டார். "இப்ப காணுமோ?"

"இருக்குதுங்க்கா, பாருங்க!"

இன்னொரு கரண்டி. தட்டில் குன்று எழும்பியது. அடுத்த முறை கேட்டபோது என் குரலில் அழுகை வந்துவிட்டது. "அக்கா, போதும்க்கா!"

"அதைத்தானே நான் கேக்கிறன்! காணும் எண்டு சொன்னால்தானே நிப்பாட்டுவன்!" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் தமிழில் காணும் என்றால் போதும். மறுநாள் காலை "திறப்பை மறந்திடாதையும்" என்றார். எந்தத் திறப்பு விழா என்று விழித்தேன். சாவியை எடுத்து நீட்டினார். ஆங்கிலம் பேசும் ஊருக்கு வந்து முதலில் தமிழ் படிக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கே டிராமையும் படித்தேன். அலுவலகம் குரோய்டனில். டிராம் வந்து நின்றது. கதவுக்கு நேரே நின்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். டிராம் போய்விட்டது. கதவில் ஒரு பொத்தான் உண்டு, அதை நாம்தான் அழுத்த வேண்டும் என்பதை அடுத்த டிராமில் ஒரு பெரியவர் என் தோளுக்கு மேலே கையை நீட்டி அழுத்திக் காட்டினார். பஸ் இன்னும் மோசம். நிறுத்தத்தில் ஒழுங்காக நின்றிருந்தேன், கை காட்டவில்லை என்று நிற்காமல் போயிற்று. ஊரில் டவுன் பஸ் பின்னால் ஓடிப் பழகிய கால், அனிச்சையாக ஓடியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனார். மறுநாளிலிருந்து இரண்டு கையையும் காட்ட ஆரம்பித்தேன். விமானத்தை இறக்குகிறவர் மாதிரி இருக்கிறது என்றார் ரெஜினா அக்கா.

மூன்றாம் நாள் என்னை வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பழைய கார் நிறுத்துமிடம், ஐந்து மாடிக் கட்டடம் வரப்போகிறது. அங்கே டெரியும் அவர் மச்சானும் இருந்தார்கள். டெரிதான் துளை போடுகிறவர். அறுபதை நெருங்கும் வயது, சிவந்த முகம், யாரைப் பார்த்தாலும் "நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிற பழக்கம். மச்சான் பேசவே மாட்டார். டெரி பேசி முடித்த பிறகு தலையை மட்டும் ஆட்டுவார்.

ரிக் என்று அவர்கள் காட்டியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் ரிக் லாரி கிளம்பினால் நாலு தெருவுக்குக் கேட்கும். கம்ப்ரெசர் போட்டால் வானத்துக்குப் புழுதி எழும்பும். இங்கே இருந்தது ஒரு பெரிய இரும்பு முக்காலி, ஒரு சின்ன இன்ஜின், கயிற்றில் தொங்கும் கனமான இரும்புக் குழாய். குழாயைத் தூக்கித் தூக்கிப் போட்டால் அது மண்ணைக் கவ்விக்கொண்டு வரும். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் துளை போடப் பாயின்ட் குறித்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். யாரும் செருப்புக் காலோடு அங்கே நிற்க மாட்டார்கள். பெண்கள் கிட்டேயே வரக்கூடாது என்பது முதலாளியின் தனிச் சட்டம். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டு போனால் லாரிக்கு அந்தப் பக்கமே நிற்பேன். இங்கே டெரி கற்பூரத்துக்குப் பதிலாக ஒரு கருவியைத் தரைமேல் ஆட்டி, அடியில் கரண்ட் ஒயர் போகிறதா என்று பார்த்தார். பிறகு முக்காலியை நிமிர்த்தினார். நான் பாயின்டுக்கு ஓரடி தள்ளி நிற்கிறேன். வாழ்க்கையில் முதல்முறை.

அப்புறம் என்ன ஆனதென்று எனக்கே தெரியவில்லை. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். ஒரு காலைக் கழற்றியும் விட்டேன்.

"ஏய்! ஏய்! என்னம்மா பண்றே?" டெரி இன்ஜினை நிறுத்தினார். "காலுக்கு என்ன ஆச்சு?"

"ஒன்றும் ஆகவில்லை."

"அப்ப எதுக்குக் கழட்டினே?"

"மரியாதைக்கு."

"யாருக்கு மரியாதை?"

நான் தரையைக் காட்டினேன். டெரி தரையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷமா இதுல ஓட்டை போடறேன். என்கிட்ட இது ஒரு நாளும் மரியாதை கேட்டதில்லை" என்றார். மச்சான் தலையை ஆட்டினார்.

சிரிப்போடு முடியவில்லை. இரும்பு முனை வைத்த பூட்ஸைக் கழற்றுவது பாதுகாப்பு விதியில் பெரிய குற்றம். அதற்கு ஒரு மஞ்சள் கார்டு உண்டு. டெரி பேனாவை நாக்கில் தொட்டு எழுதினார். என்ன நடந்தது: இன்ஜினியர் காலணியைக் கழற்றினார். காரணம்: மரியாதை.

கார்டு என் மேலதிகாரி ஹெலனிடம் போயிற்று. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, அதிகம் பேசாத பெண்மணி. கார்டை இரண்டு முறை படித்தார். உதடு ஒரு பக்கம் லேசாக அசைந்ததோ என்னவோ.

"மரியாதையை வைத்துக்கொள். பூட்ஸையும் போட்டுக்கொள். ஆறு மாதம் முடியும்போது இந்தக் கார்டு மேசைமேல் இருக்கும்."

இவ்வளவுக்குப் பிறகும் அந்த வாரத்தை நினைத்தால் எனக்குக் குதிக்கத்தான் தோன்றுகிறது. டெரி மண்ணை எடுத்துக் கொடுப்பார். நான் அதைப் பிளந்து, நிறம் பார்த்து, முகர்ந்து, கட்டைவிரலால் அழுத்தி எழுத வேண்டும். விரல் பதிந்தால் ஒரு பெயர், அழுத்தியும் பதியாமல் நகம் மட்டும் கீறினால் இன்னொரு பெயர். இந்த ஊர் மண்ணுக்கே லண்டன் களிமண் என்றுதான் பெயர். மேலே பழுப்பு, ஆழத்தில் நீலம் கலந்த சாம்பல். அம்மா கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரலை மையில் வைப்பார். நான் அதே கட்டைவிரலைக் களிமண்ணில் வைத்து அறிக்கை எழுதுகிறேன். அந்த அறிக்கையின் கீழே என் கையெழுத்து இருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரம் ஊரில் சாயங்காலம். வேனில் உட்கார்ந்து அப்பாவுக்கு வீடியோவில் பேசுவேன்.

"எத்தன அடி போச்சு கண்ணு?"

"முப்பது அடிங்கப்பா."

"மணிக்கா?"

"ஒரு நாளைக்குங்கப்பா."

"வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்கப்பா. இங்க அவ்வளவுதான் போடுவாங்க."

"நாங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள போட்டுருவமே. செரி, தண்ணி வந்துச்சா?"

"வரலைங்கப்பா."

"அடடா."

"வரலைன்னாத்தாங்கப்பா நல்லது. தண்ணி வந்தா இங்க எல்லாரும் மூஞ்சியைச் சுளிப்பாங்க."

இதை அவரால் கடைசி வரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தினமும் கேட்பார். தினமும் அடடா சொல்வார்.

டெரி மணிக்கொரு தரம் பேருக்குப் பால் விட்ட கடுப்பமான டீ குடிப்பார். அதை டீ என்று ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. என் டப்பாவிலிருந்த புளிசாதத்தை ஒரு நாள் அவருக்கு நீட்டினேன். மென்றார். "சிப்ஸில வினிகர் ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். நான் மூடப் போனேன். "நல்லாயில்லைன்னா சொன்னேன்?" என்று கரண்டியை மறுபடி விட்டார். வேர்க்கடலை அகப்படும்போதெல்லாம் மச்சானுக்குக் காட்டினார். என் பெயரை தென் என்றுதான் கூப்பிடுவார். ஆங்கிலத்தில் அதற்கு அப்புறம் என்று பொருள். "தென்!" என்று கத்தினால் நான் போவேன், தெருவில் போகிறவர்களும் அப்புறம் என்ன என்பதுபோல் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்படியே ஐந்து மாதத்துக்கு மேல் ஓடியது. என்னைப் பற்றி முடிவு சொல்லும் கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கோடை விடுமுறையில் நோர்பரியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் இரண்டு மாடி வகுப்பறைகள் கட்டப்போகிறார்கள். மொத்தம் மூன்று துளை. கட்டடக் கம்பெனியின் ஆள் மார்க் நீல ஹெல்மெட்டோடு காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு துளைகள் அழகாக முடிந்தன. மூன்றாவதில், ஏறக்குறைய பன்னிரண்டு அடி ஆழத்திலிருந்து வந்த களிமண் உருளையை நான் நீளவாக்கில் பிளந்தேன்.

நல்ல பழுப்புக் களி. நடுவில், கடுகளவு சிவப்பு. நகத்தால் சுரண்டினேன். செங்கல் பொடி.

அந்தக் களிமண் மனிதன் பிறப்பதற்கு முன்னால் கடலடியில் படிந்தது. அதற்குள் செங்கல் இருக்க முடியாது. ஆனால் மேலே முதல் மூன்றடி பழைய இடிபாடு. அங்கிருந்து ஒரு துணுக்கு துளைக்குள் விழுந்து ஒட்டிக்கொள்ளவும் கூடும். எழுதுவதா, விடுவதா? எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். கையைத் தூக்கினேன். அதாவது ஹெலனுக்குப் போன் போட்டேன். மார்க் பக்கத்தில் நின்றார்.

"ஹெலன், மூன்றாவது துளையில் எனக்கு ஒரு டவுட்."

"எவ்வளவு பெரிய டவுட்?"

"சின்னதுதான்."

"ரிக்கை நிறுத்தச் சொல். நான் வருகிறேன்."

போன் வைக்கப்பட்டது. டெரி இன்ஜினை அணைத்தார். மார்க் அதற்குள் தன் போனை எடுத்திருந்தார். "மண் இன்ஜினியருக்கு டவுட்டாம். ஆமாம், டவுட் என்றுதான் சொன்னார்" என்று யாரிடமோ சொன்னது கேட்டது. பிறகு இன்னொருவரிடம். பிறகு இன்னொருவரிடம்.

"நான் ஒரு கேள்விதானே கேட்டேன்?" என்றேன் டெரியிடம்.

டெரி என்னைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார். "கேள்வின்னா கேள்வின்னு சொல்லணும். இங்க டவுட்னு சொன்னா நம்பலைன்னு அர்த்தம். என் துளையை நீ நம்பலைன்னு அந்த ஆள் முன்னாடி சொல்லியிருக்கே."

"எங்கள் ஊரில் டவுட் என்றால் கேள்விதான். ஆறு வயதிலிருந்து அப்படித்தான் கேட்கிறேன்."

"இது உன் ஊரா?"

அவர் வேனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மச்சான் தலையை ஆட்டக்கூட இல்லை. மைதானத்தில் நானும் அந்தக் களிமண்ணும்தான். ஹெலன் வர முக்கால் மணி நேரம் ஆகும். ரெஜினா அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: வேலையில் பெரிய தப்புப் பண்ணிட்டேன் போலிருக்குக்கா. அவர் ஷிப்ட் நடுவிலிருந்து குரல் செய்தி அனுப்பினார். "ஒண்டுக்கும் யோசிக்காதையும் பிள்ளை. அந்தோனியாரை மன்றாடுறன்."

அவர் தமிழில் அது கவலைப்படாதே. என் தமிழில் அது யோசிக்காதே. என் தமிழ்ப்படி அந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. யோசித்தேன்.

துணுக்கு மேலிருந்து விழுந்திருந்தால் உருளையின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்க வேண்டும். இது உள்ளே இருந்தது. முதல் துளையில் அதே ஆழத்தில் எடுத்த உருளையைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். அதை உடைத்தால் வழவழப்பான பக்கங்களோடு துண்டு துண்டாகப் பிரிந்தது. மூன்றாவது துளை மண்ணை உடைத்தேன். சப்பாத்தி மாவைப் பிய்த்ததுபோல் இழுபட்டுப் பிய்ந்தது. நிறம் ஒன்றுதான், வாசனையும் ஒன்றுதான், ஆனால் உடையும் விதம் வேறு. இது தானாகப் படிந்த மண் இல்லை. யாரோ எப்போதோ தோண்டி, திரும்பக் கொட்டி, மிதித்த மண். மறுபடி உடைத்தேன். மறுபடியும் மாவுதான்.

ஹெலன் வந்தார். டவுட்டுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மண்ணையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டையும் உடைத்துப் பார்த்தார். டெரி வேனிலிருந்து இறங்கி வந்து நின்றார்.

"விழுந்த துணுக்காகவும் இருக்கலாம்" என்றார் ஹெலன். "மண் ஓரிடத்தில் இப்படியும் உடையலாம். எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே நீ சொல். உனக்கு இருப்பது கேள்வியா, டவுட்டா? இங்கத்துப் பொருளில் கேட்கிறேன். கேள்வி என்றால் என் பதிலை எழுதிக்கொள், டெரி வேலையை முடிப்பார். டவுட் என்றால் பக்கத்தில் இன்னொரு துளை போட வேண்டும். நாளை முழுதும் போய்விடும். மார்க்கிடம் நீதான் சொல்ல வேண்டும்."

பத்து நாள். மஞ்சள் கார்டு. விசா. ஊரில் முதலாளியின் சிரிப்பு. எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. ஆனால் கையில் அந்தப் பிசைந்த மாவு இருந்தது. அதன்மேல் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கப்போகிறார்கள்.

"காலையில் கேள்வியாகத்தான் இருந்தது" என்றேன். "இப்போது டவுட்."

மார்க் நான் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு, "நீங்கள் இந்த வேலையில் எத்தனை வருஷம்?" என்று கேட்டார்.

"ஐந்து மாதம்."

அவர் ஹெலனைப் பார்த்தார். ஹெலன் என்னைப் பார்த்தார். நானும் யாரையாவது பார்க்கலாம் என்றால் டெரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மார்க்கையே பார்த்தேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு நாலாவது துளை. மூன்றாவதிலிருந்து வேலிப் பக்கமாக ஆறடி தள்ளி. டெரி "நல்லாருக்கியா?" கேட்கவில்லை. டீயும் ஊற்றவில்லை. எட்டடியில் பார்வைக்கு நல்ல களி. பன்னிரண்டிலும் அதே பழுப்பு, மாவுபோல்தான் பிய்ந்தது, ஆனால் பிளந்து பிளந்து பார்த்தும் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. பதின்மூன்றிலும் அதேதான். மார்க் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"இன்னும் போகணுமா?" என்றார் டெரி. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

"போகணும்."

குழாய் இறங்கியது. தொப்பென்று ஒரு சத்தம், வழக்கமான சத்தம் இல்லை. மேலே வந்தபோது கன்னங்கரேலென்று சேறு. முட்டை அழுகிய நாற்றம். அதற்குள் ஒரு மரக்கிளைத் துண்டு, நீலப் பூப்போட்ட பீங்கான் சாசரின் பாதி. துளைக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்பாக ஏதோ மினுங்கிக்கொண்டே மேலேறியது.

"தண்ணி வந்துருச்சு!" என்று கத்தினேன். தமிழில். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு.

டெரி தலையில் கை வைத்தார். "தண்ணி வந்ததுக்கு இப்படி ஆடற ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். மச்சான் பேசினார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை. "குளம்" என்றார்.

குளம்தான். நாங்கள் கையில் வைத்திருந்த பழைய வரைபடங்களில் அது இல்லை. அன்று மாலை ஹெலன் இன்னும் பழைய ஒன்றைத் தேடி எடுத்தார். பள்ளிக்கூடம் வருமுன் அங்கே ஒரு பண்ணை இருந்திருக்கிறது. அதன் மூலையில் சின்னதாக ஒரு நீலப் பொட்டு. யாரோ குளத்தைத் தூர்த்து, மேலே நல்ல களிமண்ணைக் கொட்டி, காணாமல் ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பொருளில் காணாமல்.

கட்டடத்தின் அஸ்திவாரத்தை மாற்றி வரையப்போகிறார்கள். மார்க், "கட்டி முடித்த பிறகு தெரிந்திருந்தால்" என்று ஆரம்பித்தார், முடிக்காமல் கை கொடுத்துவிட்டுப் போனார். டெரி வேனிலிருந்து மஞ்சள் கார்டு ஒன்றை எடுத்து வந்தார். நான் குனிந்து பூட்ஸ் இரண்டும் காலில் இருக்கிறதா என்று பார்த்தேன். பேனாவை நாக்கில் தொட்டு எழுதி என்னிடம் நீட்டினார். என்ன நடந்தது: இன்ஜினியருக்கு டவுட். காரணம்: செங்கல். கீழே, நல்ல கவனிப்பு என்ற கட்டத்தில் கோணலாக ஒரு டிக்.

மறுநாள் மதியம் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"தண்ணி வந்துருச்சுங்கப்பா!"

"எத்தன அடியில?"

"பதினாலு அடிங்கப்பா."

"பதினாலுலயா! என்ற சாமி! எத்தன இஞ்சு தண்ணி?"

"அதெல்லாம் அளக்க மாட்டாங்கப்பா."

"செரி, மோட்டார் எறக்கியாச்சா?"

"மூடிட்டாங்கப்பா."

"மூடிட்டாங்களா?" அப்பா முகத்தைத் துண்டால் துடைத்தார். ஆயிரம் அடி போட்டும் வெறும் புழுதியைப் பார்த்துத் திரும்பிய மனுஷன். "பதினாலு அடித் தண்ணிய மூடிட்டாங்களா" என்று அம்மாவிடம் திரும்பிச் சொன்னார், ஏதோ கெட்ட செய்தி சொல்வதுபோல.

குறித்த நாளில் கூட்டம். மேசைமேல் இரண்டு மஞ்சள் கார்டுகள். ஹெலன் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"உன்னை வைத்துக்கொள்வதில் எனக்குக் கேள்வி இல்லை" என்றார்.

"டவுட்?"

"அதுவும் இல்லை."

அன்று மாலை ரெஜினா அக்கா புட்டும் மீன்பொரியலும் செய்திருந்தார். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியாயிற்றாம். "காணுமோ?" என்று கேட்டதும் "காணும்க்கா" என்றேன். அவர் நம்பாமல் இன்னொரு கரண்டி போட்டார்.

அடுத்த வேலை மோர்டனில். ஆறு துளை, முழுப் பொறுப்பும் என்னுடையது. எங்கே துளை போடுவது என்பதைக்கூட நான்தான் குறிக்க வேண்டும். வேலை திங்கட்கிழமைதான், ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை மதியமே பஸ்ஸுக்கு இரண்டு கையையும் காட்டி ஏறிப் போய்விட்டேன். சுவரிலிருந்து டேப் பிடித்து அளந்தேன். முதல் பாயின்டில் மரமுளையை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். சுற்றிலும் ரோஸ் நிற பெயின்ட் அடித்தேன். ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டு முளையைக் காட்டினேன்.

"பாயின்ட் பாத்தது ஆரு?"

"நான்தாங்கப்பா."

"செருப்பக் கழட்டினியா கண்ணு?"

"பூட்ஸுங்கப்பா. கழட்டினா கார்டு எழுதிருவாங்க."

அப்பா சிரித்தார். பக்கத்தில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. போன் கைமாறியது. முதலாளி. பின்னால் அவருடைய ரிக் லாரி நின்றது. போனைக் கண்ணருகே கொண்டு போய் முளையைப் பார்த்தார், பெயின்டைப் பார்த்தார், என் ஹெல்மெட்டைப் பார்த்தார். இந்த முறை அப்பாவிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"ஏனம்மிணி, அங்க தண்ணி எத்தன அடியில நிக்கும்?"

இரண்டு வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த நாலைந்து பதில்களும் அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டன.

"திங்கக்கெழம தெரிஞ்சுருமுங்க. ரிக்கை ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கறனுங்க" என்றேன்.